வாடை

நவம்பர் பதினான்கு, இரவு.
தோய்வோவின் கடையில், மீன்தூண்டில்கள் தொங்கும் சுவரில்
ஒரு காற்றழுத்தமானி.
போகிற வருகிறவரெல்லாம்
அதை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள்,
தூங்குகிறவனை எழுப்புவதுபோல.

முள் இறங்குகிறது.
இறங்கும்போதுதான் மான் வெளியே வரும்,
புயலுக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் என்கிறான் ஒருவன்.
ஏறும்போதுதான் என்கிறான் வேய்க்கோ,
இருபது வருடமாய் அதையே சொல்கிறவன்.
நிலாவைக் கணக்கில் எடுங்களப்பா என்று
பீர் குப்பிக்குப் பின்னாலிருந்து
மூன்றாவது குரல்.

கெர்ட்டு நிஸ்கலா பேசுவதில்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காலை ஐந்தேமுக்கால் இருட்டில்
சுப்பீரியர் ஏரியோரச் சாலையில்
முகப்பு விளக்குக்குச் சிக்கும் கண்களை
ஜோடி ஜோடியாய் எண்ணி
டீசல் ரசீதின் பின்புறம் குறித்து வைப்பவள்:

தூறல், காற்றில்லை. பதினொன்று.
ராத்திரி திடீரென்று குளிர், வானம் துடைத்த மாதிரி. பத்தொன்பது!
பெருங்காற்று. ஒன்றுமில்லை.
(காடே கூச்சல் போடும்போது
எதை நம்பி ஒரு காது நடக்கும்?)
வெதுவெதுப்பு. இரண்டு.
(கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியாதவர்கள்
வெயிலில் ஏன் அலையப்போகிறார்கள்.)

மறுநாள் பள்ளி விடுமுறை.
இந்த ஊரில் அது பண்டிகை, மானுக்குத் தவிர.
ஓடைக்கரையில், விழுந்து கிடந்த மரத்தில் சாய்ந்து
விடியுமுன்னே உட்கார்ந்துவிட்டாள்.
எதிரே சரிவு. சரிவின் மேலிருந்து
முகத்தில் மோதியது வாடை.

வாடை என்றால் வடகாற்று.
வாடை என்றால் உடம்பின் நாற்றமும்தான்.
மானுக்கு அகராதி வேண்டாம்,
ஒரே மூச்சில் இரண்டையும் படித்துவிடும்.

சோடா உப்பில் மூன்று தரம் அலசி
வெளியே உறையவிட்ட சட்டைதான்.
இருந்தும் முடிக்கற்றைக்குள் டீசல்,
காலணி மடிப்பில்
வியாழனன்று மூன்றாம் வரிசைச் சிறுவன்
வாந்தியெடுத்த ஆரஞ்சுச் சாறு.

பனி விழத் தொடங்கியது.
சத்தங்களை ஒவ்வொன்றாகப் போர்த்தி மூடும் பனி.
எட்டே கால்.
முதலில் ஒரு பிணை, அவசரமில்லாமல்.
பின்னாலேயே, மூக்கைத் தரையில் உழுதபடி
கலை.
எட்டுக் கிளைக் கொம்பு.
இடது கிளையொன்றில் உரிந்த மரப்பட்டை, சுருளாய்.
சுருள்கூடத் தெரிகிற தூரம்.

அப்போதுதான் மேகம் விலகியது.
ஒரு கை அகல வெயில்
சரிவில் விழுந்தது, அழகாய்த்தான் விழுந்தது.
சூடேறிய காற்று மெல்ல எழுந்து
மேல்நோக்கி நடக்க ஆரம்பித்தது.
கெர்ட்டுவுக்குப் பிடரி சில்லிட்டது:
தன்னிடமிருந்து புறப்பட்டுத்
தனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள் அவள்.

தலை நிமிர்ந்தது.
முன்னங்கால் ஒருமுறை தரையைத் தட்டியது.
ஒரு செருமல்.
பிறகு ஒரு வெள்ளை வால் மட்டும்
மரங்களுக்கிடையே, இங்கே, அங்கே,
எங்குமில்லை.

துப்பாக்கியின் பூட்டில் கட்டைவிரல்
இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று நண்பகல், முள் ஏறவுமில்லை இறங்கவுமில்லை,
காற்று நாலு பக்கமும் சுழன்றடித்தது.
லாரிக்குப் பக்கத்தில் நின்று
சிறுநீர் கழித்துக்கொண்டிருந்த வேய்க்கோவின் எதிரே
ஒரு கலை வந்து நின்றதாம்.
கடையில் அதை ஏழு முறை சொன்னான்.
ஒவ்வொரு முறையும் ஒரு கிளை கூடியது.
கெர்ட்டு காற்றழுத்தமானியைத் தட்டினாள்,
வாழ்க்கையில் முதல் தடவையாக.

பதினாறாம் தேதி.
ஏரியிலிருந்து ஏறிவந்த மூடுபனியில்
இருபத்திரண்டு பிள்ளைகளோடு பேருந்து ஊர்கிறது.
வளைவில் பிரேக்கை மிதிக்கிறாள்.
நடுச்சாலையில், கொம்பில் அதே சுருளோடு.

பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
என்ஜின் மட்டும் மூச்சு விடுகிறது.
அது மூக்கைத் தூக்கி
டீசலை, ஆரஞ்சை, அவளை
நிதானமாய் மோந்துவிட்டு
சாலையைக் கடக்கிறது.

ரசீதைத் திருப்புகிறாள்.
மூடுபனி. ஒன்று.