மூன்றுக்கு மேலே

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க
சார்ஜன்ட் வீரக்கொடியைச் சுட்டுவிட்டார்கள்.
முன்னறிவிப்பு இல்லை. பின்னணி இசைகூட இல்லை.
பேலியகொடை மீன் சந்தையின் பின்புறம்,
ஐஸ் உருகி ஓடும் வடிகால் ஓரம்,
ஒரு சப்பாத்து கழன்று கிடக்க
கையில் அந்தக் கறுப்புக் குறிப்புப் புத்தகத்தோடு
விழுந்தார்.
அடுத்தது சவர்க்கார விளம்பரம்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி
பேசாமல் இருந்தது.
கடற்கரை ரயில் மட்டும்
ஒன்றும் தெரியாததுபோல் பாணந்துறைக்குப் போனது.
பிறகு கீழ்வீட்டு ஃபாரிஸா "அல்லாஹ்வே" என்றது
குளியலறைக் குழாய் வழியாக ஏறி வந்தது.
மேலே யாரோ
கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

எங்கள் வீடு நாலாம் மாடி.
அண்ணா அப்படிச் சொல்லமாட்டான்.
காஸ் சிலிண்டர் கொண்டுவரும் பெடியனுக்கும்
"மூன்றுக்கு மேலே" என்றுதான் வழி சொல்வான்.
கொழும்பில் நாலாம் மாடி என்றால்
ஒரே ஒரு கட்டடம்தான்.
அங்கே அவன் பதினொரு நாள் இருந்தான்.
அவன் சொன்னதைச் சிங்களத்தில் எழுதினார்கள்.
சொல்லாததையும் எழுதினார்களா,
அவனுக்குத் தெரியாது.
கையெழுத்து வைத்தான். தமிழில்.

வீரக்கொடி அப்படியில்லை.
மூன்றாவது அங்கத்தில், மருதானை லொட்ஜ் கொலையில்,
ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளையின் வாக்குமூலத்தை
முழுதும் எழுதி முடித்து,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு,
தடக்கித் தடக்கித் தமிழில்
திரும்ப வாசித்துக் காட்டினார்.
"சரியா, மகள்? பிழை என்றால் சொல்லுங்கோ,
வேட்டி எழுதலாம்."
வெட்டி, வேட்டியாகிவிட்டது.
அண்ணி சிரித்தாள்.
அண்ணா என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிச்
சத்தத்தைக் கூட்டினான்.

அன்றிலிருந்து, கிழமை நாட்களில்
எட்டரைக்குச் சாப்பாட்டுக் கோப்பையோடு
அதே கதிரையில் இருப்பான்.
காக்கியைக் கண்டால் காலி வீதியைக் கடந்து
அந்தப் பக்கத்தால் நடக்கிற மனிதன்
ஒரு காக்கிக்காக
அண்ணியின் மச்சாள் கலியாணத்துக்கே போகவில்லை.

"நடிகனின்ர ஒப்பந்தம் முடிஞ்சிருக்கும்" என்றாள் அண்ணி.
"சம்பளம் கூட்டிக் கேட்டிருப்பான்.
அடுத்த மாசம் வேற சனல்ல மாமனாரா வருவான், இருந்து பாருங்கோ."
இடியப்பம் சொதியில் ஊறிப் பெருத்தது.
அப்பாவைக் கனத்தையில் எரித்த அன்று
காசைக் கட்டி, பற்றுச்சீட்டை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்தவன்
சாரத் தலைப்பால் மூக்கைத் துடைத்தான்.
"தடிமன்" என்றான்.

இன்ரர்கொம் அடித்தது.
கீழே வாசலில் இருக்கும் காவலாளி ஜயதிஸ்ஸ.
"மாத்தயா, பெலுவத?"
"ஓ" என்றான் அண்ணா.
அதற்குமேல் இரண்டு பேருக்கும் சொல் இல்லை.
ஆனாலும் வைக்கவில்லை.
சுவரோரம் ஒருவன், வாசலில் ஒருவன்,
நடுவே ஒரு கம்பி இரைந்துகொண்டிருந்தது.

பத்தரைக்கு என் கதவடியில் வந்து நின்றான்.
"அந்தப் புத்தகத்தை ஆரும் எடுத்தவையோ?
காட்டினவங்களோ?"
"காட்டேல்லை."
"தண்ணி ஓடுற இடம். மை கரைஞ்சிடும்."
"அவர் பென்சிலால எல்லோ எழுதுறவர், அண்ணா."
யோசித்தான்.
"பென்சில் எண்டால் கரையாது" என்றான்.
போய்ப் படுத்தான்.

நூற்றெட்டு அங்கத்திலும்
வீரக்கொடி எழுதியது நீலப் பேனையால்.
ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை அவன்.