பராமரிப்பு நாள்

ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூலையில்.
பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை ஒரு தரப்பு,
சோமனூருக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில்
ஓர் ஊராட்சி நடுநிலைப் பள்ளி மறு தரப்பு.
பதினோரு பக்கம், மூன்று முத்திரை.
'சமூகம்' என்ற சொல் இருபத்தாறு இடத்தில்.
எண்ணியது நான்தான்.
தட்டச்சு செய்ததும் நான்தான்.

முதல் பெற்றோர் கூட்டத்துக்கு
எண்பது நாற்காலி போட்டோம்.
வந்தவர் மூவர்.
அதில் ஒருவர் நாற்காலிக்கு வாடகை வாங்க வந்தவர்.

இதற்குத் துறையில் ஒரு சொல் உண்டு:
ஆர்வமின்மை.
அறிக்கையில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

நிலோஃபர், தாராபுரத்துப் பெண், பி.எட். இரண்டாம் ஆண்டு,
நாற்பது நிமிடப் பாடத்தை
நாற்பது நிமிடத்தில் முடிக்கத் தெரிந்தவள்.
அவளுடைய கவனிப்புப் படிவத்தில்
மிதுனா, ஆறாம் வகுப்பு: கத்திப் பேசுகிறாள்.
சஞ்சித்: கத்திப் பேசுகிறான்.
தேவதர்ஷன்: மேற்படி.
பக்கம் முழுக்க மேற்படி.

வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்,
படிவத்தில் அதற்கொரு கட்டம்
காலியாகக் கிடந்த ஒரே காரணத்தால்.

அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே
எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்ததாம்.
சுவரில் காலண்டர் நடுங்கியது,
தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாய் அலை.
மிதுனாவின் அம்மா துளசிமணி என்னவோ கேட்டாள்.
நிலோஃபருக்குக் கேட்கவில்லை.
மறுபடி கேட்டாள்.
மிதுனா டீச்சரின் காதோரம் வந்து கத்தினாள்:
"சாப்டீங்களான்னு கேக்குது அம்மா!"

அந்த வீட்டில்
அதுதான் மெதுவாகப் பேசுவது.

பாவுக்கு அந்தப் பக்கம் அப்பா உதட்டை அசைத்தார்,
இந்தப் பக்கம் மிதுனா தார்க்குச்சியை எடுத்துக் கொடுத்தாள்.
மறுநாள் நிலோஃபர் படிவத்தைத் திருப்பிக் கேட்டாள்.
"இதுங்க காதால மட்டும் கேக்கறதில்ல மேடம், வாயைப் பாக்குதுங்க.
நான் போர்டைப் பாத்துப் பேசினப்பல்லாம்
பின் பெஞ்சு என்னைத் தொலைச்சிருக்கு."

கூட்டத்தைப் பற்றித் துளசிமணி சொல்லி அனுப்பியது:
"வரமாட்டோம்னு ஆருங்க சொன்னது?
தறிய நிறுத்திப்போட்டு வந்தா
அந்த மீட்டருக்கு ஆரு கூலி குடுப்பா?
மாசத்துல ஒரு நாளு கரண்டு நிப்பாட்டுவாங்கல்லொ,
அன்னிக்கு வைங்க.
அன்னிக்கு எங்களுக்குக் காதும் கேக்கும்."

துணைமின் நிலையப் பராமரிப்பு நாளை
கல்வி நாட்காட்டியில் சேர்க்க
எந்த விதி இடம் தருகிறது என்று கேட்டு
பதிவாளர் அலுவலகம் கோப்பை இரண்டு முறை திருப்பியது.
மூன்றாவது முறை
'உள்ளூர்ப் பண்டிகை' என்ற பத்தியில் எழுதினேன்.
அனுமதி வந்தது.

காலை ஒன்பதுக்கு ஊர் அடங்கியது.
தொண்ணூறு பேர். மின்விசிறி இல்லை.
முதல் பத்து நிமிடம் எல்லோரும் கத்தினார்கள்,
பிறகு தங்கள் குரல் தங்களுக்கே கேட்டு
கொஞ்சம் கூசித் தணிந்தார்கள்.
பாவு ஓட்டும் நாச்சிமுத்து எழுந்தார்:
"எங்க புள்ளைகளுக்கு இந்த டீச்சரம்மா மார்க்குப் போடறாங்க.
இவிகளுக்கு ஆருங்க போடறது?"
நாங்கள்தான் என்றேன்.
"எத்தனை நாளு வந்து பாத்தீங்க?"
இரண்டு.
அதைச் சொல்ல
எனக்குத் தறிச்சத்தம் தேவைப்பட்டது.

இப்போது நூற்றுக்கு இருபது பெற்றோர் கையில்.
இது சாதனை என்று சொல்ல முடியாது.
தேவதர்ஷன் டிசம்பரோடு நின்றுவிட்டான்,
திருப்பூரில் பிசிர் வெட்டுகிறானாம்.
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை,
ஒப்பந்தத்தின் பதினோரு பக்கத்திலும் இல்லை.

மார்ச் மாதப் பராமரிப்பு நாளில்
துளசிமணி பதினேழு போட்டாள்.
மூன்று எதற்குக் கழித்தீர்கள் என்றேன்.
"சாப்டீங்களான்னு கேட்டேனுங்க.
இன்னும் பதிலு வரலீங்க."

நிலோஃபர் வாய் திறக்கவும்
கரண்டு வந்தது.
முதல் தறி, எதிர்வீட்டில் நாலு, பிறகு தெரு முழுக்க.
அவள் என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை.
துளசிமணி அவள் வாயைப் பார்த்தாள்,
சிரித்தாள்,
பதினேழை அடித்தாள்.