அரைப்பேர்

ஹட்டனில் மூன்றாம் நாள் மழை.
மேசையில் மூடி கழன்று கிடக்கிறது
தோட்டத்து ஆபீஸின் பழைய கணனி.
படுத்தே பிறந்த சாதி. நாலு விரல் உயரம்.
உள்ளே கார்டுகள் நிமிர்ந்து நிற்க இடமில்லையென்று
நடுவில் ஒரு பலகையை நட்டு
அதன் இடுப்பில் செருகியிருக்கிறார்கள்
ஒன்றின்மேல் ஒன்றாக,
லயத்தில் இஸ்தோப்பை மறித்து
இன்னோர் அறை எடுத்த மாதிரி.

வெடித்திருந்தது அந்தப் பலகைதான்.
ரைசர் கார்ட் என்றேன்.
"ரைஸ் கார்ட்" என்று எழுதிக்கொண்டார்
கிளாக்கர் செபஸ்தியான்.
அரிசிக் கூப்பனைத் தேடுவது
இதைவிட லேசு.

நுவரெலியாவில் சிரித்தார்கள்.
கண்டியில் ஒரு பையன்
புத்தம்புதிய ரைசர் ஆறு நீட்டினான்,
பிட்கொயின் தோண்டப்போய்க்
குழி மட்டும் மிஞ்சியவன்.
கம்பளையில் நவ்பர் நானா
கிலோக் கணக்கில் நிறுக்கும் குவியலுக்குள்
முழங்கை வரை கைவிட்டு ஒன்றை எடுத்தார்.
அதே கம்பனி. அதே வருசம்.
இலக்கத்தில் கடைசி ஒன்று மட்டும்
நாலுக்குப் பதில் ஏழு.
"எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி."

ஒன்றல்ல.
வெட்டு ஒரு நெல்லளவு தள்ளி இருந்தது.
அரத்தால் ராவினால் இறங்கிவிடும்.
இறங்கியபின்
ஐந்து வோல்ட் குடிக்கிற வாயில்
பன்னிரண்டு ஊற்றும்.
இரண்டு இரவு மல்ட்டிமீட்டரை வைத்துக்கொண்டு
பொன் பல் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் கேட்டேன்.
கீச்சிட வேண்டிய இடத்தில் மௌனம்.
மௌனமாய் இருக்கவேண்டியது கீச்சிட்டது.
கொப்பியில் கோடு போட்டுப் போட்டு
விடியும்போது தூக்கிப் போட்டேன்.
அரத்தையல்ல, கார்டை.

ஒவ்வொரு வெள்ளியும் பெஞ்சில் வந்து உட்காருவார்
சின்னக்கிளி.
முப்பத்தொரு வருசம் கொழுந்து.
அதில் பதினொரு வருசத்தைக் காணோம் என்கிறது
தொழில் கந்தோர்.
காணாமற்போன செக்ரோல்
இந்தப் பெட்டிக்குள்,
அந்தக் கார்டில் தொங்கும் டிஸ்க்கில்.
அவர் எதுவும் கேட்பதில்லை.
ஈரக் குடையை வாசலுக்கு வெளியே வைப்பார்,
நேரம் போனதும் எடுத்துக்கொண்டு போவார்.

கடைசியில் மஹரகமையில் கிடைத்தது,
ஜயதிஸ்ஸ என்பவரின் வீட்டில்.
இதே பெட்டியின் இரட்டை
மீன்தொட்டிக்கு முட்டாய் இருந்ததாம்.
மீனைக் கழுவுதொட்டிக்கு மாற்றிவிட்டுக்
கழற்றியிருக்கிறார் மனுசன்.
காசு வேண்டாம்,
தோட்டத்து நல்ல தூள் அரைக் கிலோ போதும் என்றார்.
எங்களுக்கு எங்கே நல்ல தூள்?
கடையில் வாங்கி அனுப்பினேன்.

பிஸ்கட் டின்னில்,
சிங்களப் பத்திரிகை சுற்றி, பஸ்ஸில் வந்தது.
பின்னால் நாலு.
வெட்டு சரி.
இருந்தும் மீட்டரை எடுத்தேன்.
எல்லாப் பல்லும் சொன்னபடி சொல்லியது.
அழுத்தினேன்.
"டொக்."
எந்தக் கோயில் மணிக்கும்
நான் இப்படி நின்றதில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளை வரிசை ஏறியது.
ஒரு நாளுக்கு ஒரு பேர்.
கொழுந்து குறைந்த நாளுக்கு அரைப்பேர்.
மழை மாதமெல்லாம்
அரை, அரை, அரை.
அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.
ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கே இடம் விட்டிருந்தான்
புரோகிராம் எழுதியவன்.
சின்னகில்.

"கிளி எங்க புள்ள?"

இடம் பத்தலை என்றேன்.
"அப்ப பேருலயும் அரைப்பேருதானா"
என்று வாயைப் பொத்திச் சிரித்தார்.
அடையாள அட்டையை வெளியே எடுத்தார்.
அதில் வேறொரு எழுத்துப் பிழை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.
இதற்கு மீட்டர் இல்லை.

கந்தோருக்கு அச்சில் வேண்டுமாம்.
பிரிண்டரைத் திறந்தால்
ரிப்பன் காய்ந்து நூலாய் வருகிறது.
நவ்பர் நானாவுக்கு அழைத்தேன்.
குவியலுக்குள் கை நுழையும் சத்தம்.
"என்ன இலக்கம் தங்கச்சி?
கடைசி எழுத்தையும் சேத்துச் சொல்லுங்க."