அணைக்க வழியில்லாத விளக்கு

நோஷிரோவில் கடற்காற்றுக்கு
மூன்று மணிக்கே விழிப்புத் தட்டிவிடும்.
எனக்கும்.

நூற்று அறுபத்து மூன்று நாளிதழ்கள்.
முன்கூடையில் பாதி, பின்பெட்டியில் மீதி.
இந்த வண்டி வந்த புதிதில்
கடை முதலாளி குதோ
கைப்பிடியை இரண்டு முறை தடவிப் பார்த்தார்,
பொத்தானைத் தேடி.
"புதுச் சட்டமாம், மிசாவோ.
எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியுமாம்,
பட்டப் பகலிலும்."

சந்தா வசூலுக்குப் பகலில் போனால்
எதிரில் வந்தவர்களெல்லாம்
விரல்களைக் குவித்துக் குவித்து விரித்தார்கள்.
மீன்கடைக்காரர் கையில் கத்தியோடு ஓடிவந்து சொன்னார்.
பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாய்க் கத்தினார்கள்.
தெரியும், தெரியும் என்று தலையசைத்தே
அந்த வசந்தம் முழுக்க
ஊருக்கெல்லாம் வணக்கம் வைத்தேன்.

ஹதகேயாமா வீடு
பைன் மரங்களுக்கு முன்னால் கடைசி வீடு.
சந்து அங்கேதான் திரும்புகிறது.
திரும்பும்போது என் வெளிச்சம்
படுக்கையறைச் சன்னலில் ஏறி
உத்தரத்தின் குறுக்கே நடந்து
எதிர்ச்சுவரில் இறங்குமாம்.
வண்டியில் உட்கார்ந்திருப்பவளுக்கு
இதெல்லாம் எப்படித் தெரியும்?
அந்த அம்மாள் தபால் பெட்டியில் வைத்த சீட்டில் இருந்தது:
கணவருக்கு உடம்பு சரியில்லை,
மருந்து பிடித்துக் கண்ணயர
இரண்டரை ஆகிவிடுகிறது,
எங்கள் சந்தில் மட்டும்
விளக்கை அணைத்துவிட்டு வர முடியுமா,
மன்னிக்கவும்.
சீட்டு பறக்காமலிருக்க
மேலே ஒரு ஆரஞ்சு.

முடியாது என்று எழுதத்தான் பேனா எடுத்தேன்.
இந்த வண்டி கண்ணை மூட வேண்டுமானால்
இதயத்தையும் நிறுத்த வேண்டும்
என்று ஒரு ஆரஞ்சு கொடுத்தவருக்கு
எப்படி எழுதுவது?

மறுநாள் புகையிலைக் கடை முனையில்
சாவியைத் திருப்பி இறங்கினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு எட்டுகள்.
அணைக்க வழியில்லாத விளக்கை
மார்போடு அணைத்துத் தள்ளிக்கொண்டு.

ஏழு நிமிடம் தாமதம் ஏன் என்றார் குதோ.
பனி, என்றேன்.
அக்டோபரிலா என்று அவர் கேட்கவில்லை.

பிறகு நிஜமாகவே பனி வந்தது.
சக்கரச் சங்கிலி சத்தம் போடுமென்று
பழைய காலுறைகளைச் சுற்றிக் கட்டினேன்.
ஒருநாள் வண்டி என்மேல் சாய்ந்தது.
இருட்டில், அதன் அடியில்,
முழங்கால் வலியை வாய்க்குள் வைத்துக்கொண்டு
சன்னலைப் பார்த்தேன்.
உள்ளே ஒரு இருமல்.
அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
நனைந்த நாளிதழை நான் வைத்துக்கொண்டு
என்னுடையதை அவர்கள் பெட்டியில் போட்டேன்.

பிப்ரவரியில் இன்னொரு சீட்டு.
கையெழுத்து அதே.
படிக்க வெளிச்சம் இல்லை.
பைன் மரங்கள் வரை தள்ளிப்போய்
வண்டியை உதைத்து
முகப்பு விளக்கின் முன் குந்தி விரித்தேன்.

இத்தனை நாள் மிகவும் சிரமப்பட்டீர்கள்.
நாளை முதல் இறங்க வேண்டாம்.

ஆரஞ்சு இல்லை.
இரண்டாவது முறை படித்தபோதுதான் புரிந்தது.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது,
கடுதாசியில் பனி விழுந்து
எழுத்து ஊறும்வரை.

மறுநாள் புகையிலைக் கடை முனையில்
பழக்கத்தில் கை சாவிக்குப் போனது.
எடுத்துக்கொண்டேன்.
முதல் கியரில்,
எவ்வளவு மெதுவாக முடியுமோ
அவ்வளவு மெதுவாக.

திரை விலகியிருந்தது.
வெளிச்சம் சன்னலில் ஏறியது.
படுக்கை மடித்துவைத்த வெறுந்தரையில்
அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.
கண் கூசவில்லையா தெரியவில்லை,
கையை உயர்த்தவில்லை.
உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்,
பிறகு எதிர்ச்சுவரை,
அது இறங்கும்வரை.

மாதக் கடைசியில் வசூலுக்குப் போனேன்.
வாசலில் வண்டி உறுமிக்கொண்டு,
நண்பகலில் எரிந்துகொண்டு.
சந்தாவை நிறுத்திவிடலாம் என்று
நானே ஆரம்பித்தேன், அவர் சொல்லச் சங்கடப்படுவாரென்று.

"நான் பேப்பர் படிப்பதில்லை,"
என்று சொல்லிக்கொண்டே
சில்லறையை எண்ணி வைத்தார்,
மார்ச்சுக்கும் சேர்த்து.