ஊதிப் பார்த்தல்

வியாழக்கிழமை, ஷென்யாங் தெருச் சந்தை.
விடியும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் பேரம் தொடங்கிவிடும்.
தியான்ஜினில் அந்த டிசம்பர்
ஹாய் ஆறு உறைந்து கிடந்தது.
பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு
குந்தியிருந்தார்கள் சிலர்.
நான் தெருவில் ஒரு துண்டு விரித்து
குந்தியிருந்தேன்.

மற்ற நாட்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
எந்தக் கம்பி தேய்கிறதென்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
வெள்ளி டாலருக்கும் காதுதான் வேண்டும்.
நட்டநடுவில் இரண்டு நகத்தால் பிடித்து
விளிம்பில் ஒரே ஊது,
ஆறுவதற்குள் காதோரம்.
நல்ல வெள்ளி முனகும்,
பக்கத்து அறையில் யாரோ
வாய் திறக்காமல் பாடுவதுபோல.
ஈயம் ஊமை.

அப்போது என்னிடம் நாற்பத்தொன்று,
பிஸ்கட் டப்பாவில், பழைய பனியன் துணியில்.
மீசை வைத்த தடித்தலை பதினேழு.
இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்பது.
கடைக்குக் கடை சந்தேகப்பட்டு
முத்திரை குத்திக் குத்தி
அம்மைத் தழும்பு விழுந்த மெக்சிகோ கழுகு ஒன்று.
அதை எவரும் விலைக்குக் கேட்டதில்லை.
எனக்கு அதுதான் செல்லம்.
டிராகன் மட்டும் இல்லை.
இதே ஊர் அக்கசாலையில் அடித்த
பெய்யாங் டிராகன், முப்பத்துநான்காம் ஆண்டு.
உள்ளூரில் பிறந்தது உள்ளூரில் அகப்படவில்லை.

மூன்றாம் நம்பர் பருத்தி ஆலைக் கோட்டோடு
என் வயதில் ஒருத்தி வந்தாள்.
அந்த வருடம் ஆலைக் கோட்டு என்றால்
வேலை போனவள் என்று பொருள்.
பிள்ளையின் ஒற்றைக் காலுறையை
என் துண்டின்மேல் உதறினாள்.
தடித்தலை.
கப்பல்.
டிராகன்.

ஊதினேன். தடித்தலை முனகியது.
ஊதினேன். கப்பல் முனகியது.
டிராகனை இரண்டு முறை ஊதினேன்.
தெருமுனையில் பயற்றந்தோசைக்காரன்
கல்லில் எண்ணெய் விடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் விரல்நுனிகள் குளிரில் வெடித்திருந்தன.
ஒன்றுக்குத் தொண்ணூறு.
தொண்ணூறு யுவானில் நல்லவனாகிவிடலாம்,
கொள்ளை மலிவு.
"மூன்றும் சுத்த வெள்ளி" என்றேன்.

அவள் பணத்தைத் தொடவில்லை.
டிராகனை எடுத்துத் தானே ஊதி
என் காதில் வைத்தாள்.
"கேட்கிறதா?"
"கேட்கிறது."

"நாற்பத்தெட்டில் என் அப்பா
இதை மாவுக்கடையில் நீட்டிக்
கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு வந்தார்.
மாவும் இல்லை.
அன்று முதல் எங்கள் வீட்டில்
நாணயத்தை எடைபோட
இதுதான் படிக்கல்."

தடித்தலையும் கப்பலும் காலுறைக்குள் போயின.
டிராகன் என் துண்டிலேயே கிடந்தது.
"வைத்துக்கொள். பொய்க்குப் பொய்."

எதிர்ச்சாரியில் பாங் யோங்ஃபா,
எச்சில் கையால் ஈ ஓட்டாதவன்.
எண்பதுக்குமேல் ஒரு ஃபென் ஏறமாட்டான்.
அவனிடம் இரண்டையும் எண்பது எண்பதாக விற்று
அவன் சொன்ன எதற்கோ
வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.
ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
எப்படிப் போட்டாலும்
எனக்குத்தான் நஷ்டம்.

போன வசந்தத்தில் ஷென்ஜென் ஆள் ஒருவன்
மின்தராசும் அளவுகோலும் பெட்டியோடு
வீடு தேடி வந்தான்.
டப்பாவைக் கிளறி டிராகனில் நின்றான்.
"ஈயம்" என்றேன்.
சிரித்தான். ஐந்நூறு என்றான்.
"சத்தியமாக ஈயம்."
ஆயிரம். ஆயிரத்து இருநூறு.
தராசை எடுக்கக்கூட இல்லை.
நான் எதையோ பதுக்குகிறேன் என்று
அவனுக்குத் தீர்மானமாகிவிட்டது.

ஊதித்தான் பாருமேன் என்றேன்.
நகத்தில் பிடித்து ஊதினான்.
காதில் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டான்.
வெகுநேரம் கழித்துச் சொன்னான்,
கேட்கிறது என்று.