உரசுகட்டை

அணியத்திலிருந்து நாலாவது திருகாணி வரைக்கும்
கட்டை நல்லாத்தான் இருந்தது.
அஞ்சாவதில் ரப்பர் கிழிந்து
நாய் நாக்கு மாதிரி தொங்கியது.
அதற்கப்புறம் ஒன்றரை முழம்
கட்டையே இல்லை, நாரும் உப்பும்.

திருப்புளி வைத்தால் ஆணித்தலை மண்ணாக உதிர்கிறது.
உளியால் பெயர்த்தேன்.
கூடுதாழைக் கச்சான்
சீவின தூளையெல்லாம் என் வாயிலேயே போட்டது.

வெடிப்பின் உள்ளே கொஞ்சம் நீலம்.
எங்கள் வள்ளம் மஞ்சள்.

பதினெட்டுப் பாகத் தண்ணீர். இஞ்சின் செத்துக் கிடந்தது.
கயிறு சுற்றின கையைப் பிடித்துக்கொண்டு
கஸ்பார் ஒரு வார்த்தை பேசவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.
விளக்கில்லாமல் ஒரு வள்ளம் வந்தது.
வரக்கூடாத இடம், போடக்கூடாத வலை.
ஓட்டினவன் சின்னப் பையன்.
'லைட்ட மட்டும் அடிச்சிராதீங்க' என்றான்.

கடல் எங்களை மூன்று முறை மோதவிட்டது.
முதல் தடவை கை எட்டவில்லை.
இரண்டாவதில் கட்டை முறிந்த சத்தம்.
மூன்றாவதில்
கஸ்பாரைத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தோம்.

இப்போது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மூன்று விரலோடு
தோசை பிய்க்கப் பழகுகிறான்.

ஊர்க் கமிட்டித் தொபியாஸ்
நோட்டும் பேனாவுமாக வந்து குனிந்தார்.
'எந்த ஊர்க்காரன்வே இடிச்சான்?
கலர் ஒட்டியிருக்குமே.'
எண்பதாம் நம்பர் உப்புத்தாள் என் கையில்.
'பாறை அண்ணாச்சி.'
'பதினெட்டுப் பாகத்துல பாறையா?'
'இருட்டுல என்னத்தக் கண்டேன்.'

ரெசினில் மருந்து ஊற்றிவிட்டால்
இந்த வெயிலுக்குப் பத்து நிமிஷம்தான்.
'தள்ளி நில்லுங்க, வேட்டியில பட்டா போவாது' என்றேன்.
தள்ளி நின்றார். பார்த்துக்கொண்டே நின்றார்.
பாயை வைத்து அழுத்தினேன்,
குமிழி இல்லாமல், நீலம் இருந்த இடத்தில்
இரண்டு மடிப்பு.
நோட்டை மடக்கிக்கொண்டு போனார்.
நம்பினாரா தெரியாது.

சாயங்காலம் புதுக் கட்டை ஏறியது.
பதினோரு ஆணி, எல்லாம் ஸ்டீல்.
கஸ்பார் போனில் கேட்டான்:
'ரப்பர் தடிமன் எவ்வளவு?'
'முன்னைவிட அரை இஞ்சு கூட.'
'பத்தாதுடே.'

அந்த வள்ளத்திலும்
இதே உயரத்தில் பெயர்ந்திருக்கும்.
மஞ்சள் அப்பியிருக்கும்.
எந்தக் கரையிலோ அந்தப் பையன்
யாருக்கு என்ன பொய் சொல்லித்
தேய்த்துக்கொண்டிருக்கிறானோ.