இருநூற்றைம்பது கெஜம்

இரவு இரண்டு இருபது.
காவலாளி லெமுவல் கண்ணாடிக் கதவைத் தட்டினான்:
மூன்றாம் வரிசையில் ஒரு பழைய பிக்கப்,
ஒரு மணியிலிருந்து எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

நான் பதிவு மேசைக்காரி.
பெயர், பிறந்த தேதி, எங்கே வலி.
காப்பீடு என்ற சொல்லை மட்டும்
டாக்டர் பார்த்து முடிக்கும்வரை
நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருப்பேன்
புளிப்பு மிட்டாய் போல.

வெளியே ஆர்கன்சாவின் உறைமழை.
வண்டிக்குள் ஓடெல் ஸ்டான்சில்,
கெளுத்தி மீன் அறுக்கும் ஆலையிலிருந்து நேராக,
கையுறையின் வெள்ளைத் தூள் இன்னும் மணிக்கட்டில்.
இடது தாடையைப் பிடித்தபடி
ஆஸ்பிரின் மென்றுகொண்டிருந்தார்.

"நான் உள்ளே வரவில்லையே அம்மா.
பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
மயங்கி விழுந்தால் யாராவது பார்ப்பார்கள்,
விழாவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவேன்.
போன தடவை வந்ததற்கே
நாலாயிரத்து முந்நூறு டாலர் பாக்கி."

பாக்கி வைத்தவன் வாசல் மிதிக்கக் கூடாதென்று
யார் சொன்னார்கள் இவருக்கு?
யாரும் சொல்லவில்லை.
நான் அனுப்பிய கடிதங்கள் சொல்லியிருக்கும்.

சட்டத்துக்குக் கதவு தெரியாது.
பிரதானக் கட்டடத்திலிருந்து இருநூற்றைம்பது கெஜம்,
நடைபாதை, புல்தரை, வண்டி நிறுத்துமிடம்,
எல்லாமே ஆஸ்பத்திரிதான் என்கிறது.
பயிற்சி வகுப்பில் தூங்கி வழிந்தபோது
காதில் தங்கிய ஒரே எண்.
லெமுவல் ஒருநாள் காலடி வைத்து அளந்தும் பார்த்தான்:
குப்பைத்தொட்டி தாண்டி,
ரயில் பாதைக்கு முந்தின வேலி வரை.

"ஐயா, ஒன்றேகால் மணி நேரமாக
நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள்" என்றேன்.
சிரித்தார்.
சிரிப்பு வலித்தது அவருக்கு.

வெர்லீன் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தாள்.
காகிதத்தில் கோடு மலைமலையாய் ஏறிற்று.
டாக்டர் நுவாங்க்வோ மெம்ஃபிஸுக்குப் போன் போட்டார்:
"கட்டில் காலியாக இருக்கிறதா, இல்லையா?
இருக்கிறதென்றால் அவர் பர்ஸைப் பற்றி
என்னிடம் கேட்காதீர்கள்."
மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு,
"அனுப்புங்கள்."

நிலைப்படுத்துதல் என்பது சட்டத்தின் சொல்.
குணமாக்குதல் அல்ல.
சரிவில் நிற்கும் வண்டிக்குச்
சக்கரத்தடியில் ஒரு கல்.
அந்தக் கல்லை வைக்கத்தான்
அத்தனை பேரும் அன்றிரவு குனிந்தோம்.

ஹெலிகாப்டர் பறக்காத வானிலை.
ஆம்புலன்ஸில் ஏற்றும்போது
"எஞ்சினை அணைத்துவிடுங்கள், பெட்ரோல் வீண்" என்றார்.
அணைத்தேன்.
சாவி என் மேசை இழுப்பறையில்.
அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று
மெம்ஃபிஸ் எங்களுக்குச் சொல்வதில்லை.

பதினெட்டாம் நாள்
அச்சாகி வந்தது அவர் பெயருக்கு ஒரு கடிதம்.
தொகையைப் பார்க்காமல் மடித்தேன்.
சாவியையும் உறைக்குள் போடலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
தபால் போகும் தூரத்துக்குச்
சட்டத்தில் கெஜக் கணக்கு இல்லை.

பிக்கப் மூன்றாம் வரிசையில் அப்படியே நிற்கிறது.
லெமுவல் தினமும் அதன் முன்கண்ணாடியைத் துடைக்கிறான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.